கந்தசாமி அவர்களின் மூன்றாவது இயந்திரம்

சென்ற வியாழக்கிழமை காலை வேலந்தாவளத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் கந்தசாமி அவர்களின் பக்கத்துத் தோட்டக்காரர் மாரப்பன்.

"சார், நம்ம மெசின்காரரு போயிட்டாருங்க. பட்டறைக் கதவு தொறக்கலையேன்னு ஊட்டுக்குள்ள போய்ப் பாத்தமுங்க. கட்டல்ல படுத்தபடிக்கே இருக்கறாருங்க."

பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு வீணான கேள்வி என்று உறைத்தது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி சரஸ்வதி அம்மாள் மறைந்தபின் அந்த வீட்டில் அவர் மட்டுமே இருந்தார்.

அவரைப் பற்றி எழுத நான் தகுதியானவன்தானா என்று தெரியவில்லை. சென்னையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில், பிறர் கண்டுபிடித்தவற்றுக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதித் தருவது என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்றுக் கொல்லங்கோட்டுக்கு வந்து தனியாக இருக்கிறேன். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் அனுப்பத் தெரியாதவன். இதில் பிழை இருந்தால் அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதன்முதலில் அவர் என் வீட்டுக்கு வந்தது ஒரு வடிகட்டியோடு. சொட்டுநீர்க் குழாயில் சேரும் வண்டலைத் தானாகவே வெளியே தள்ளும் வடிகட்டி. அடுத்தது, வேலந்தாவளம் சந்தையில் லாரியிலிருந்து மாடுகள் கால் ஒடியாமல் இறங்குவதற்கான மடக்குச் சாய்தளம். நான் எழுதிய விவரத்தைத் தமிழில் படித்துக் காட்டியபோது நெடுநேரம் சிரித்தார்.

"ஏனுங்க சார், இது நான் செஞ்ச பலகைதானுங்களா? நீங்க படிக்கறதக் கேட்டா ராக்கெட்டு மாதர இருக்குது. இதுல மாடு எறங்குமுங்களா, பயந்துக்காதுங்களா?"

இரண்டுக்கும் காப்புரிமை கிடைத்தது. அந்தச் சான்றிதழ்களை அவர் சட்டம் போட்டு மாட்டவில்லை. சரஸ்வதி அம்மாள்தான் மாட்டினார்.

அந்த அம்மாள் உடும்பஞ்சோலைக்காரர். சிறுவயதில் ஏலக்காய் உலர்த்தும் கூடமான ஸ்டோரில், காய்ந்த காயைச் சாக்கின்மேல் கொட்டி உள்ளங்கையால் உரசிக் காம்பு நீக்கும் வேலை செய்தவர். மூன்றாவது இயந்திரம் அந்தக் கைகளிலிருந்து வந்தது. காய் உடையாமல் காம்பையும் நுனியையும் மட்டும் நீக்க வேண்டும். எதிரெதிராகச் சுற்றும் இரண்டு சல்லடை உருளைகள், நடுவே ரப்பர் பட்டைகள். பட்டை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை அந்த அம்மாள் தொட்டுப் பார்த்துச் சொல்வார். "இது நசுக்குது. இன்னும் கொஞ்சம் விட்டுக்குடுங்க." கந்தசாமி அவர்கள் உடனே திருகாணியைத் தளர்த்துவார். அப்போதே அம்மாளுக்கு உடம்பு சரியில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் சொன்னார்.

விண்ணப்பம் பதிவாகும்முன் ஒரு பொருளைப் பொதுவில் காட்டிவிட்டால் அது புதியது என்ற தகுதியை இழந்துவிடும். பிறகு காப்புரிமை கிடையாது. இதை நான் ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்வேன். இந்த முறையும் கேட்டேன்.

"யாருக்கும் காட்டலீங்களே?"

"நான் யாருக்குங்க காட்டறேன்?"

விண்ணப்பத்தைப் பதிவுசெய்தோம். சில மாதங்களில் அம்மாள் காலமானார்.

அதற்குப் பின்னரே எதிர்ப்பு மனு வந்தது. இயந்திரங்கள் விற்கும் ஒரு நிறுவனம் கொடுத்தது. உறவுப் பெண் ஒருத்தி கைப்பேசியில் எடுத்துப் பலருக்கும் அனுப்பிய ஆயுதபூசை வீடியோப் படம் அதனுடன் இணைக்கப்பட்டிருந்தது. பட்டறை முற்றத்தில் ஊரே நிற்கிறது. மாலை போட்ட இயந்திரம் ஓடுகிறது. விண்ணப்பத்துக்கு முந்திய பூசை அது. நான் படத்தைக் காட்டியதும் அவர் திகைத்துப் போனார்.

"பூசை போட்டமுங்க சார். புது மெசினுக்குப் பூசை போட்டு நாலு பேரு முன்னால ஓட்டாம எப்படிங்க? அது காட்டறதுன்னு ஆகுமுங்களா?"

முந்தைய இரண்டும் பூசைக்கு முன்பே பதிவாகிவிட்டதால் அந்தக் கேள்வி எழவே இல்லை. பூசை வேறு, காட்டுவது வேறு என்றே அவர் நினைத்திருந்தார்.

ஒரு வழி இருந்தது. படத்தில் தெரிவது வெளிப்புறம் மட்டுமே. புதுமை முழுவதும் மூடிக்குள் இருந்தது. கேட்பதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று அவரிடம் சொல்லிவைத்தேன்.

விசாரணை என் வீட்டுக் கணினி வழியாகவே நடந்தது. அதிகாரி மரியாதையானவர். நேராகவே கேட்டார்: "அன்று இயந்திரத்தின் உட்புறத்தை யாராவது பார்த்தார்களா?"

எதிர்த்தரப்பிடம் வேறு ஆதாரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். கந்தசாமி அவர்களுக்கும் தெரியும். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு திரையைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தாங்க. எல்லாருமே பாத்தாங்க. எங்கூட்டுக்காரம்மாதான் மூடியத் தொறந்தாங்க. 'மூடி வச்சுட்டுச் சூடம் காட்டுனா சாமிக்கு என்னத்தத் தெரியும், தள்ளுங்க'ன்னாங்க. பட்டைக்குப் பொட்டு வெச்சு, எப்படி உரசுதுன்னு பொம்பளைங்களுக்கெல்லாம் வெவரஞ் சொன்னாங்க."

அது முடிந்ததும் கணினியை அணைத்தேன். தயங்கித் தயங்கி, "நினைவில்லை என்றாவது சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"அன்னைக்கு ஒரு நாள்தானுங்க சார், அவ நாற்காலிய உட்டு எந்திரிச்சா. அத இல்லீன்னு நானே எப்படிங்க சொல்றது?"

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதன்பின் அவர் எதையும் என்னிடம் கொண்டுவரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அழைப்பார். "சும்மாதானுங்க" என்பார். இருவருக்கும் பேச அதிகம் இருக்காது. அவர் பட்டறை விசிறியின் சத்தம் எனக்குக் கேட்கும். என் வீட்டில் அவருக்குக் கேட்க என்ன இருந்ததோ தெரியவில்லை. இருந்தாலும் உடனே வைக்க மாட்டார். நானும் வைக்க மாட்டேன்.

மயானத்துக்கு வந்தவர்கள் அதிகமில்லை. உடும்பஞ்சோலையிலிருந்து அம்மாளின் தம்பி மகன் ஜீப்பில் வந்திருந்தார். அவரிடம் அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"ஏலக்கா உரசுற மெசினா? எங்க பக்கம் எல்லா ஸ்டோர்லயும் ஓடுதே சார். அது ஏதோ கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சதுல்ல?"

இல்லை, உங்கள் மாமா என்றேன். என் குரல் எப்போதுமே எழும்பாது. அதற்குள் பறை முழங்கத் தொடங்கிவிட்டது. அவர் "என்ன சார்?" என்று குனிந்தார். அப்போது அவரைக் கொள்ளி வைக்க அழைத்தார்கள். எல்லோரும் கலைந்தபிறகும் நான் சற்று நின்றேன். சந்தைக்குப் போகும் மாடுகள் சாலையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. புகை அவற்றின் மேல் தாழ்ந்து சென்றது.

எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் இங்கே எழுதுகிறேன். காய்ந்த ஏலக்காயின் காம்பைக் காய் உடையாமல் நீக்கும் அந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர்கள், வேலந்தாவளம் கந்தசாமி, அவருடைய மனைவி சரஸ்வதி. இதை இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்.

போய் வாருங்கள் ஐயா. அம்மாளிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.