இரும்பு இல்லாத டானிக்

இரண்டாவது மகள் பிறந்து சில மாதங்கள் கழித்து நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். அறுபதுகளின் தொடக்கம் அது. சிவகாசியில் ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் கண் இருட்டிக்கொண்டு வரும். ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்தால் வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.

என் அண்ணன் மனைவி விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி அங்கேயே போய்ப் பார்த்தேன். மதினி என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கெடக்கு. இந்த ஒடம்ப வச்சிக்கிட்டா பிள்ளைக்குப் பால் குடுக்க?" என்றார். ஆஸ்பத்திரியில் இரும்பு மாத்திரை தீர்ந்திருந்தது. "வாரதும் தெரியல, தீர்றதும் தெரியல. கடையில நல்ல இரும்பு டானிக்கா வாங்கிக் குடி."

எது நல்லது என்று நான் கேட்பதற்குள் வார்டிலிருந்து அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சிவகாசி பஜாரில் மருந்துக்கடை அலமாரி முழுக்க டானிக்தான். திராட்சைக்குலை போட்டது, சிங்கம் போட்டது, மல்யுத்த வீரன் போட்டது. கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். லேபிளில் சிவப்புச் சேலை கட்டிய ஒரு தாயும் கொழுகொழுவென்று ஒரு குழந்தையும். "பிள்ள பெத்தவகளுக்கு இதுதான் டீச்சர். எல்லாரும் இதத்தான் கேட்டு வாங்குறாக" என்றார். வாங்கிக்கொண்டேன்.

இனிப்பாக இருந்தது. காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின் தவறாமல் குடித்தேன். ஒரு பாட்டில் முடிந்து, இரண்டாவதும் பாதியானது. தலைச்சுற்றல் அப்படியே இருந்தது. மதினி குழந்தையைப் பார்க்க வந்தபோது சொன்னேன். அவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் கேட்டார்.

"வெளிக்குப் போறது கறுப்பாப் போகுதா?"

"இல்லயே மதினி. எப்பவும் போலத்தான்."

"அப்ப இதுல இரும்பே இல்ல. இருந்தா கறுத்துத்தான் போகும்." பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தார். "வெல்லப்பாகு. இம்புட்டு நாளா பாகையா குடிச்சிக்கிட்டு இருக்க?"

எனக்கு அழுகை வரும் போலிருந்தது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் பாட்டிலை அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒரு லித்தோ அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். அலமாரிக்குள்ளேயே இருந்ததால் அதுவரை அந்தப் பாட்டிலை அவர் சரியாகப் பார்த்ததில்லை. விளக்குப் பக்கம் கொண்டுபோய் லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க மெஷின்ல ஓடுனது" என்றார்.

அந்தத் தாயின் உதட்டுச் சிவப்பு உதட்டில் விழாமல் கன்னத்துப் பக்கம் தள்ளி விழுந்திருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை. அவர் நகத்தால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "கலர் தள்ளிப்போச்சின்னு இந்த லோடையே ஒதுக்கி வச்சிருந்தோம். திரும்ப அடிச்சித் தாரோம்னு சொன்னோம். அந்தப் பார்ட்டி கேக்கல. அவசரம், இதே போதும்னு அள்ளிக்கிட்டுப் போயிட்டாரு."

"யாரு அவரு?"

"மதுரைப் பக்கம். ஊரெல்லாம் விக்கிதே ஒரு பெரிய கம்பெனி டானிக், அந்த லேபிளைக் கொண்டாந்து இதே மாதிரி வேணும், பேருல மட்டும் ஒரு எழுத்த மாத்துங்கன்னாரு."

மறுநாள் அவர் முதலாளியிடம் கேட்டார். முதலாளி கோபப்படவில்லையாம். "நாம என்ன டானிக்கா காய்ச்சுறோம்? பேப்பர்ல மை போடுறோம். பட்டாசுக்கும் லேபிள் அடிக்கிறோம். வெடிக்கலன்னா நம்மகிட்டயா வாரான்?" என்றாராம். அதை என்னிடம் சொன்னபோது இவர் குரலில் கோபம் இல்லை. முதலாளி சொன்னதில் பாதி நியாயம் இருப்பதாக இவருக்கும் தோன்றியிருந்தது. அதுதான் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது. அன்று அவரோடு பேசாமலேயே சோறு போட்டேன்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு நானே கடைக்குப் போனேன். இதில் இரும்பே இல்லை என்றேன். கடைக்காரர் சிரித்தார்.

"சில ஒடம்புக்குச் சேராது டீச்சர். வேற மாத்தித் தரட்டா?" சிங்கம் போட்ட பாட்டிலை எடுத்தார்.

"இதுல எம்புட்டு இரும்பு இருக்குன்னு எங்கன போட்டிருக்கு?"

"அதெல்லாம் யாரு பாக்குறா? ரத்தம் ஊறும்னு போட்டிருக்கில்ல."

அங்கிருந்து சுகாதார இன்ஸ்பெக்டரைத் தேடிப் போனேன். அவர் மரியாதையாக உட்காரச் சொல்லி லேபிளை முழுக்கப் படித்தார். தயாரிப்பாளர் பெயருக்குக் கீழே மதுரை என்று மட்டும் இருந்தது, தெருப் பெயர்கூட இல்லை. "மருந்துன்னா மருந்து இன்ஸ்பெக்டர் பாக்கணும்மா. சத்து பானம்னுல்ல போட்டிருக்கு" என்றார். சத்து பானம் உணவுதானே, உணவென்றால் நீங்கள் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். "பேரு டானிக்னுல்ல இருக்கு" என்றார். கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை, உண்மையிலேயே அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெயிலில் நடந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தேன்.

அடுத்த விடுமுறையில் மதினியும் நானும் விருதுநகரில் கடை கடையாக ஏறினோம். ஒரு கரண்டியில் எவ்வளவு இரும்பு, எங்கே தயாரித்தது, எப்போது தயாரித்தது, இந்த மூன்றும் இருந்தால்தான் வாங்க வேண்டும் என்றார் மதினி. பெரும்பாலான பாட்டில்களில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. புத்துணர்ச்சி, பொலிவு, வீரியம் என்று எழுத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. மூன்றும் இருந்த ஒரே பாட்டில் பழைய சரக்கு. அடியில் சேறு மாதிரி படிந்து கிடந்தது. மதினி அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார். "இருந்தும் புண்ணியமில்ல" என்றார்.

கடைசியில் மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே கம்பவுண்டர் மருந்தை அளந்து கலக்கி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய வெட்டுவெட்டாக நறுக்கிய வெள்ளைக் காகிதத்தைப் பாட்டிலில் ஒட்டிக் கொடுத்தார். குடித்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போலிருக்கும். பல்லில் பட்டால் கறுக்கும் என்று பப்பாளித் தண்டை வெட்டி அதன் வழியாக உறிஞ்சினேன். வெளிக்குக் கறுப்பாகப் போனது. அதைப் பார்த்து சந்தோஷப்பட்ட பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பாட்டில் தீரும்போதெல்லாம் ஒரு நாள் லீவு போட்டு மதுரைக்குப் போனேன். மெல்ல மெல்லத் தலைச்சுற்றல் நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். எதிர் வீட்டில் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகும் ஒரு அக்கா இருந்தார். அவருடைய மருமகளுக்கு அப்போது மாசம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த அக்கா கையில் ஒரு நாள் அதே சிவப்புச் சேலை பாட்டிலைப் பார்த்தேன். ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். இது வெறும் பாகு, என் வீட்டுக்காரர் கையால் அச்சடித்த லேபிள் என்றேன்.

"அப்ப நல்ல கம்பெனியாத்தான இருக்கும் டீச்சரம்மா. ஒங்க வீட்டு அய்யா அடிச்சதுன்னா கேக்கணுமா?" என்றார்.

நான் பேசப் பேச, விலை உயர்ந்த பொருளை அவர்கள் வாங்கக் கூடாதென்று நான் தடுப்பதாக அவர் முகம் சொன்னது. அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த தடவை மதுரைக்குப் போனபோது அந்த மருமகளையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கிக் கொடுத்தேன். பப்பாளித் தண்டும் வெட்டிக் கொடுத்தேன். ஒரு வாரம் குடித்தாள்.

"குமட்டுது டீச்சர். சோறே எறங்க மாட்டேங்குது. டானிக்னா இனிப்பா இருக்கு, வயித்துல நிக்கிது" என்று நிறுத்திவிட்டாள். அவள் சொன்னதும் பொய்யில்லை. எனக்கும் குமட்டத்தான் செய்தது.

பிரசவம் எப்படியோ நல்லபடியாக முடிந்தது. ஆண் குழந்தை. நான் பார்க்கப் போனபோது அந்தப் பெண் எழுந்து உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தாள், உதட்டில் நிறமே இல்லை. குழந்தை மட்டும் நல்ல நிறம். தெருப் பெண்கள் சுற்றி நின்றார்கள். என் முன்னாலேயே அந்த அக்கா சொன்னார்.

"எல்லாம் அந்த டானிக்தான். பிள்ள எம்புட்டு செவப்பாப் பொறந்திருக்கான் பாருங்க."

அவர்களில் முழுகாமல் இருந்த ஒருத்தி, அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டாள்.