கடல் தண்ணீரில் ஒளிராத சாயம்

செங்கல்பட்டில் நான் ஆராய்ச்சி செய்த கல்லூரி லேப்பில் என் சாயம் நன்றாகவே ஒளிர்ந்துகொண்டிருந்தது. வெறும் தண்ணீரில் கரைத்தால் மங்கல்தான். கூடவே வளைய வடிவ மூலக்கூறுகளைச் சேர்த்தால், சாயம் தானாகவே வளையத்தின் நடுக்குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே அசையாமல் அடங்கியதும், புற ஊதா விளக்கின் கீழ் பச்சையாகப் பளீரென்று ஒளிரும். அதோடு விட்டிருக்கலாம்.

"லேப் தண்ணியில யார் வேணா பண்ணுவாங்கம்மா. கடல் தண்ணியில காட்டு" என்றார் என் கைடு மேடம்.

சதுரங்கப்பட்டினத்தில் படகு வைத்திருக்கும் என் அண்ணனிடம் சொன்னேன். மறுநாளே பைக்கில் ஒரு கேன் நிறையக் கடல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சாயத்தையும் வளையத்தையும் போட்டு விளக்கைக் காட்டினேன். ஜொலித்தது. மேடம் கைதட்டாத குறை. எனக்குத்தான் உறுத்தியது. பச்சைக்குப் பதில் நீலம். எதுவும் சேர்க்காத கடல் தண்ணீரை மட்டும் விளக்கின் கீழ் வைத்தேன். அதுவும் நீலமாக ஒளிர்ந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "இன்னா கேன்லண்ணா புடிச்சாந்த?"

"போட்டுக்கு டீசல் வாங்குற கேன்தாம்மா. நல்லா கழுவிட்டுதான் புடிச்சேன். ஏன், இன்னா ஆச்சு?"

புற ஊதா விளக்கின் கீழ் டீசல் தானாகவே நீலமாக ஒளிரும். அவரிடம் என்னத்தைச் சொல்ல? "ஒண்ணுமில்லண்ணா" என்று போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் பிடித்துப் போய், முழங்கால் நனையக் கடலில் இறங்கி, கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துவந்தேன். இந்த முறை பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. வளையத்தை இன்னும் கொட்டினேன். அப்போதும் ஒளிரவில்லை. கடல் உப்பிலிருக்கும் சோடியம் வளையத்தின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. சாயம் உள்ளே நுழைய வழியில்லை.

மேடத்திடம் சொன்னேன். "உப்பை எடுத்துட்டுப் பண்ணிப் பாரேன்" என்றார்.

"உப்பை எடுத்துட்டா அது கடல் தண்ணியா மேடம்?"

எரிச்சலோடு, திருக்கழுக்குன்றத்துத் தோழி ஒருத்தியின் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாங்கிப் பார்த்தேன். சற்றுக் குறைவாக, ஆனால் பச்சையாகவே ஒளிர்ந்தது.

"அப்ப கட்டுரையில கிணத்துத் தண்ணின்னே எழுதிடலாம். கடல்னு வர்ற இடத்தையெல்லாம் எடுத்துடு" என்றார் மேடம், கடலைக் கேட்டதே நான்தான் என்பதுபோல.

அன்று மாலை முழுக்க உட்கார்ந்து எடுத்தேன்.