கடலில் விளைந்த நெல்

"உங்கட நெல்லு கடலுக்குள்ள விளைஞ்சிரிக்கி காக்கா. எடுக்கேலா."

கல்முனை மில் வாசலில் இஸ்மாயில் காக்காவிடம் இதைச் சொல்லும் பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது. நான் அங்கே களப் பொறுப்பாளர். அவருடைய ட்ரக்டர் பெட்டி நிறைய, சவளக்கடை வட்டையில், அவர் வயலில் வெட்டிய ஈர நெல். வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் முளைத்துவிடும், அந்தப் போகமே பாழ்.

வெளிநாட்டுக்கு அரிசி அனுப்ப, நெல் எந்த வயலில் விளைந்தது என்று ஆப்பில் காட்ட வேண்டும். கண்டறியாத ஆப்! பாம் எண்ணெய்த் தோட்டங்களுக்கென்று செய்ததை எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். காட்டையோ நீர்நிலையையோ அழித்த நிலமென்றால் சிவப்பு விழும்; அந்த நெல்லை மில் எடுக்கக் கூடாது. வயலைப் பதியும்போது, "ஏக்கருக்கு எத்தனை பனை?" என்று இன்னமும் கேட்கும். நாங்களும் வெட்கமில்லாமல் பூச்சியம் போடுவோம்.

"போன கையில வெச்சிட்டு வரம்பச் சுத்தி நடக்கச் சொன்னதுதானே?" என்றேன்.

"ஓம், மூணு பக்கம் நடந்தன். கரைவலையில கீரி மீன் பட்டிரிக்கி எண்டு மச்சான் வந்து சொன்னான். அப்படியே போயிட்டன்."

"போன்?"

"சேட்டுப் பைக்குள்ள."

போனவர் சும்மா நிற்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கி வலையும் இழுத்திருக்கிறார். ஆப் அத்தனையையும் வரம்பென்று நம்பி, வங்காள விரிகுடாவில் ஒரு துண்டை அவர் பெயரில் எழுதிவிட்டது.

மெனேஜரிடம் ஓடினேன்.

"நீ போய்த் திருத்து" என்றார்.

"என்ட லொகின்ல ஏலா சேர். நீங்கதான் நடக்கணும். மூலைக்கு மூலை உங்கட முகத்தக் காட்டச் சொல்லும்."

எங்களில் நம்பிக்கையில்லாமல் அந்தப் பூட்டைப் போடச் சொன்னவரே அவர்தான். ஜீப்பில் ஏறினார். நானும் காக்காவும் நெல்லைப் படங்குச் சீலையால் மூடிவிட்டுப் பின்னால் போனோம்.

வரம்பில் மூன்று மூலை ஒழுங்காக முடிந்தது. நாலாவதில் சறுக்கி, மனிதர் வாய்க்காலுக்குள் குப்புற விழுந்தார். போனை மட்டும் உயர்த்திப் பிடித்திருந்தார். எழும்பி, சேறு வழிய முகத்தைக் காட்டினார். "முகம் பொருந்தவில்லை" என்றது ஆப்.

"நான்தான்டா மெனேஜர்!" என்று போனைப் பார்த்துக் கத்தினார்.

நான் சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பிவிட்டேன். இஸ்மாயில் காக்கா சிரிக்கவில்லை. தன் துவாயை நனைத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"எனக்கும் இப்படித்தான் இரிந்திச்சி சேர்," என்றார், "வாசல்ல நிக்கக்குள்ள."

மெனேஜர் மறுபடி போனுக்கு முகத்தைக் காட்டினார். பச்சை விழுந்ததும், "மழைக்கு முந்தி நெல்ல உள்ள எடுங்க" என்று மில்லுக்குப் போன் போட்டார்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, சிவப்பு விழுந்தால் வாசலில் நிற்கிறவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். முதலில் அவரோடு வயலுக்குப் போங்கள். மாற்றுடுப்பு ஒன்றும் கொண்டு போங்கள்.