தூணுக்குள் இருந்த ஆள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்பாதவர்கள் அன்று பூங்காவில் இருந்தவர்களைக் கேட்கலாம். எங்கள் ஊர் பிரிக்பீல்ட்ஸில் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள்.

1911. அன்று காலை என் அண்ணன் வேலாயுதம் கிணற்றடியில் தலை துவட்டிக்கொண்டே சொன்னார்: "சிங்க முகத்தப் போட்டா இந்த மீசை குத்துதுடா ரமணி. சாயந்திரம் வந்து மழிச்சிடணும்."

சாயந்திரம் அவர் வரவில்லை. செங்கல் சூளையின் களிமண் பள்ளத்தில், சரிவில் நின்ற மண்வண்டி உருண்டு அவரை நசுக்கிவிட்டது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுக்கச் சொன்னவன், ஆட்களை வேலை வாங்கும் தண்டல் பழனியப்பன். பள்ளத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் விசாரணையில், "அவனேதான் எடுத்தான் தொரே" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தான். அவனுக்குப் பயந்து மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. சொந்தக் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள்.

அவன் வாயால் உண்மை வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வருடா வருடம் வெயில் காலத்தில் எங்கள் ஆட்கள் ஏரிப் பூங்காத் திடலில் இரணியன் நாடகம் போடுவார்கள். டிக்கெட் கிடையாது. அண்ணன்தான் நரசிம்மர். அந்த வருடமும் விரதம் இருந்து மணிக்கட்டில் காப்புக் கட்டியிருந்தார். ஆடி முடித்துத்தான் காப்பை அறுக்க வேண்டும். இடையில் சாவு வந்தால், பிணத்திலிருந்தாவது அறுத்துவிட வேண்டும். அழுத அழுகையில் நாங்கள் அதை மறந்து புதைத்துவிட்டோம்.

ஒரு மாதம் தள்ளி நாடகம் நடந்தது. அண்ணன் வேஷம் நாகையாவுக்கு. அவன் விரதமும் இருக்கவில்லை, காப்பும் கட்டவில்லை. இரணியன், எப்போதும்போல் தண்டல்.

புல்லெல்லாம் பாய். கச்சான் கடலைப் பொட்டலங்கள். ஏரிக் காற்று.

நரசிம்மர் காகிதத் தூணுக்குள் ஒளிந்திருப்பார். ஆவேசத்தில் இரணியனை உண்மையிலேயே கிழித்துவிடக் கூடாதென்று அவர் இடுப்பில் கயிறு கட்டி, இரண்டு பேர் இழுத்துப் பிடிப்பது வழக்கம். தூணின் அடியிலிருந்த ஓட்டை வழியாகக் கயிற்றின் நுனி வெளியே வந்தது. நானும் சூளையாள் ஜெயராஜும் பிடித்துக்கொண்டோம்.

தண்டல் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான். "கயிறக் கெட்டியாப் புடி லா ரமணி! ஒங்கண்ணனா இருந்தா நெசமாவே கடிச்சிருப்பான்!"

கூட்டம் சிரித்தது.

ஆறேகால் மணி. பகலும் இல்லை, இரவும் இல்லை.

"எங்கேடா உன் ஹரி? இந்தத் தூணில் இருக்கிறானா?" கதாயுதத்தால் தூணை அடித்தான்.

தூண் கிழியவில்லை.

உள்ளே... மூச்சு.

ஈரக் களிமண் வாடை.

"கயிறு சில்லுன்னு இருக்கு அண்ணே," என்றான் ஜெயராஜ்.

சர்ர்ர்...

தூண் கிழிந்தது. சலங்கைச் சத்தம் இல்லை. சிங்க முகம். மண் அப்பிய கை. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு...

இழுத்தோம். அசையவில்லை.

"அண்ணே, புடிங்கண்ணே!"

நான் விட்டேன். கை வழுக்கவில்லை. விட்டேன்.

அது தண்டலைத் தூக்கி மடியில் கிடத்தியது.

"நான்தான்! நான்தான் கட்டைய எடுக்கச் சொன்னேன்! வேலாயுதம், விட்டுடு..."

கூட்டம் கைதட்டியது. புது வசனம் என்று நினைத்தார்கள்.

கைதட்டல் ஓய்ந்தது. தண்டல் மட்டும் பிணமாகக் கிடந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வாய் நிறையக் களிமண்.

நேரே நாகையா வீட்டுக்கு ஓடினேன். சோறு தின்றுகொண்டிருந்தான்.

"போங்கண்ணே! வேற ஆளப் போட்டுட்டு என்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? தூணுக்குள்ள ஏறப் போறேன், உள்ள ஆளு உக்காந்திருக்கு. கோச்சிக்கிட்டு வந்துட்டேன்."

அவன் தலைக்கு மேல், ஆணியில், சிங்க முகம் தொங்கியது. எங்களிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

மறுவாரம் சூளையில் கணக்கெழுதும் கிராணி சிவகுருநாதனிடம் போனேன். "அத்தன பேரு முன்னால தண்டல் ஒத்துக்கிட்டான் ஐயா. மாத்தி எழுதுங்க."

அவர் நிமிரவே இல்லை. "நாடகத்திலை சொன்னது எப்பிடித் தம்பி சாட்சியாகும்?"

வேலாயுதம் தன் கவனக்குறைவால் இறந்தார் என்றுதான் பதிவேட்டில் இன்றும் இருக்கிறது.