கொலுப்படியில் டி.வி. கேம்

கோமளம் மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடிப் போர்ஷனில், காலை வேளைகளில் பாட்டு சொல்லிக்கொடுப்பாள். தாளம் இம்மி பிசகினால் தொடையில் பளீரென்று ஓர் அடி விழும். விழுவது அவளுடைய சொந்தத் தொடையில்தான், ஆனால் பாடுகிற பெண்ணுக்குத்தான் கண்ணில் நீர் முட்டும். இப்பேர்ப்பட்ட டீச்சர் மத்தியானம் சாப்பாடு ஆனதும் கதவைத் தாழிட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, டி.வி. முன்னால் சப்பணமிட்டு டாங்கி ஓட்டுகிறாள் என்று யாராவது சொன்னால் சிஷ்யைகள் சிரித்துவிடுவார்கள்.

பிள்ளை பரத்வாஜின் பூணூலுக்கு அவன் மாமா வாங்கிக் கொடுத்த டி.வி. கேம் அது. மஞ்சள் காஸெட்டின் மேல் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். உண்மையில் ஏழோ எட்டோ தேறும், மிச்சமெல்லாம் அதையே கலர் மாற்றிப் போட்ட மோசடி. அதில் ஒன்று டாங்கி ஆட்டம். கீழே ஒரு செங்கல் கோட்டை, அதைக் காக்க இரண்டு டாங்கிகள். எதிரி கோட்டையை உடைத்தாலும் ஆட்டம் முடிந்தது, கை தவறி நாமே அதைச் சுட்டுவிட்டாலும் முடிந்தது. அம்மாவும் பிள்ளையும் கோடை விடுமுறை முழுக்க இதையே ஆடுவார்கள்.

பரத்வாஜ் இன்ஜினியரிங் படிக்கத் திருச்சி ஹாஸ்டலுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கோமளம் இன்றைக்கும் இருவர் ஆட்டத்தைத்தான் போடுவாள். அவளுடைய மஞ்சள் டாங்கி திரை முழுக்க ஓடி ஓடிச் சண்டை போடும். அவனுடைய பச்சை டாங்கி மூலையில் சும்மா நிற்கும். அதன் மேல் குண்டு படாமல் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்குப் பாதி வேலை. இதை வெளியே சொல்ல அவளுக்கு வெட்கம். ஆனால் அந்தப் பச்சை டாங்கி இல்லாமல் அவளுக்கு மத்தியானம் கழியாது.

இந்த நிம்மதிக்குத்தான் 1998-ஆம் வருஷ நவராத்திரிக்கு முன்னால் வேட்டு வைக்கப் பார்த்தார் ஸ்ரீனிவாசராகவன். கோமளத்தின் கணவர், இன்ஷூரன்ஸ் ஆபீசர். தள்ளுபடி என்ற வார்த்தை காதில் விழுந்தால் பாதித் தூக்கத்திலும் எழுந்து உட்காருகிற ரகம்.

"பாண்டி பஜார்ல வைரவன் கடையில எக்ஸ்சேஞ்ச் போட்டிருக்கான். பழைய டி.வி. கேமைக் குடுத்தா, டிஸ்க் போட்டு ஆடற புது மெஷின் பாதி விலைக்கு. ஆயுத பூஜை வரைக்கும்தான்!"

"எனக்கு வேண்டாம்."

"வந்து பாரேன்."

போய்ப் பார்த்தாள். கடையில் ஒரு கார் ஆட்டம் போட்டுக் காட்டினார்கள். ரோடு நிஜ ரோடு மாதிரியே வளைந்தது. முதல் வளைவிலேயே கோமளத்துக்குத் தலை சுற்றியது, இரண்டாவது வளைவில் வயிற்றைப் புரட்டியது, மூன்றாவது வளைவை அவள் பார்க்கவில்லை. இன்னொரு ஆட்டத்தில் யாரோ ஒருவன் இங்கிலீஷில் கதை சொல்ல ஆரம்பித்தான்.

"இவன் எப்போ பேசி முடிச்சு, நான் எப்போ ஆடறது? அந்தக் காலத்து கேம்னா கேம்தான்" என்றாள். அந்தக் காலம் என்பது ஆறு வருஷத்துக்கு முன்னால்.

ஸ்ரீனிவாசராகவன் மசியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பதென்று பழைய அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியும் வைத்துவிட்டார்.

கோமளம் சண்டை போடவில்லை. கொலு வைத்தாள். கீழ்ப்படியில் செட்டியார் பொம்மை தொந்தியும் தொப்பையுமாக உட்கார்ந்திருக்கும், முன்னால் அரிசி, பருப்பு, வெல்லம் பரப்பியிருக்கும். அந்த வருஷம் செட்டியாருக்கு வியாபாரம் மாறிவிட்டது. அவர் முன்னால் டி.வி. கேம், இரண்டு பக்கமும் இரண்டு ரிமோட். மஞ்சள் காஸெட்டுக்குச் சந்தனம் தடவி, நடுவில் தாராளமாகக் குங்குமமும் வைத்துவிட்டாள்.

"என்னடீ இது அக்கிரமம்?"

"செட்டியார் எலெக்ட்ரானிக்ஸ் கடை வெச்சிருக்கார். கொலுவில வெச்சதை விஜயதசமி முடியாம நகர்த்தப்படாது. உங்களுக்குத் தெரியாததா?"

அவருக்குத் தெரியும். அதற்குள் எக்ஸ்சேஞ்ச் முடிந்துவிடும் என்பதும் தெரியும். கோமளம் அன்றைக்குச் சுண்டலில் தேங்காயை அள்ளிப் போட்டாள்.

மறுநாள் மத்தியானம் கதவைத் தாழிட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. கொலுவில் வைத்ததை நகர்த்தக்கூடாது என்றால் அவளும்தான் நகர்த்தக்கூடாது. தான் வெட்டிய பள்ளத்தில் தானே தொப்பென்று விழுந்திருந்தாள். செட்டியார் அவளைப் பார்த்துச் சிரித்தார். கட்டைவிரல்கள் இரண்டும் நமநமவென்றன. பாட்டுக் கிளாஸில் தாளம் போடும்போது கட்டைவிரல் மட்டும் தனியாக எதையோ அமுக்கிக்கொண்டிருந்தது.

அது போதாதென்று, அவளிடம் பாட்டு கற்றுக்கொள்ளும் தங்கபுஷ்பம் மஞ்சள் குங்குமத்துக்கு வந்தாள். சாட்சாத் அந்த வைரவனின் மனைவி. கொலுவைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகி, "எங்க கடை மாதிரியே வெச்சிருக்கீகளே டீச்சர்!" என்றாள். பிறகு சுண்டலை மென்றுகொண்டே, "கூட்டம் தாங்கல. எக்ஸ்சேஞ்சைத் தீபாவளி வரைக்கும் நீட்டிட்டாக எங்க வீட்டுக்காரவுக" என்றாள்.

ஸ்ரீனிவாசராகவன் பேப்பருக்குப் பின்னால் இருமினார். அந்த இருமலில் சளி இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. கொலுவை எடுத்த மறுநாளே பச்சை டாங்கி பாண்டி பஜாருக்குப் போய்விடும். அவள் செய்வதற்கு இனி ஒன்றுமில்லை.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் ஸ்ரீனிவாசராகவன் தலைவலி என்று அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டார். கோமளம் கச்சேரி ரோட்டில் ஒரு வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளப் போனாள். அந்த வீட்டில் பூட்டு தொங்கியது, எல்லோரும் பெசன்ட் நகருக்குப் போயிருந்தார்களாம். போன சூட்டோடு திரும்பி வந்தாள்.

கதவு திறக்க நேரமாயிற்று. உள்ளே தடதடவென்று ஏதோ சத்தம். திறந்தவருக்கு மூச்சு வாங்கியது.

"தலைவலி எப்படி இருக்கு?"

"தேவலை, தேவலை."

டி.வி.யின் தலையில் ஈரத்துண்டு ஒன்று கிடந்தது. கோமளம் அதையே பார்த்தாள். அம்மா டி.வி.யைத் தொட்டுப் பார்த்துச் சூட்டைக் கண்டுபிடிப்பாள் என்று பத்தாவது பரீட்சை சமயத்தில் பரத்வாஜ் செய்த அதே வித்தை. செட்டியார் முன்னால் காஸெட் தலைகீழாக உட்கார்ந்திருந்தது. அவள் மெதுவாகத் திரும்பிக் கணவரின் முகத்தைப் பார்த்தாள். மூக்கு நுனி செக்கச்செவேலென்று இருந்தது.

"மூக்குல என்ன?"

அவர் தடவிப் பார்த்தார். விரலில் சிவப்பு ஒட்டியது. "ஸ்ரீசூர்ணம்... வேர்வையில வழிஞ்சிருக்கும்."

"நீங்க நெத்தியில இட்டுண்டிருக்கறது மஞ்சள் ஸ்ரீசூர்ணம். மூக்குல இருக்கறது குங்குமம்."

காஸெட்டை உருவி 'ஃபூ' என்று ஊதாமல் அந்த மெஷின் என்றைக்கும் ஓடியதில்லை. அது தெரிந்த மனுஷர், குங்குமம் இட்ட காஸெட் என்பதை மட்டும் மறந்து, முகத்தோடு சேர்த்துப் பிடித்து ஊதியிருக்கிறார். கோமளத்துக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"கொலுவில வெச்சதை நகர்த்திட்டேளே! எதுக்கு?"

ஸ்ரீனிவாசராகவன் சோபாவில் உட்கார்ந்தார். "கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆடிப் பார்க்கலாம்னு. ரெண்டாவது ஸ்டேஜே தாண்டலை." கொஞ்ச நேரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நீ போடற மாதிரி ரெண்டு பேர் ஆட்டம்தான் போட்டேன். அந்தப் பச்சை டாங்கி மூலையிலேயே நின்னுண்டிருந்தது. என்னால பார்க்க முடியலை. நீ எப்படி தினம் பார்த்துண்டிருக்கே?"

கோமளத்துக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு நாள் சீக்கிரம் வந்தப்போ மாடிப்படி ஜன்னல் வழியா பார்த்தேன். கதவைத் தட்ட மனசு வரலை, திரும்பிப் போய்க் குளத்தங்கரையில உட்கார்ந்துட்டு வந்தேன். புதுசு வந்தா இதை மறந்துடுவியோன்னுதான்..."

தள்ளுபடிக்காகத்தான் மனுஷர் அலைகிறார் என்று இத்தனை நாளும் அவரை மனசுக்குள் திட்டியதற்காக அவளுக்கு வருத்தமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஆனால் அந்தச் சிவப்பு மூக்கைப் பார்த்துக்கொண்டு எப்படி அழுவது?

தொண்டையைச் சரிசெய்துகொண்டு டீச்சர் குரலில் சொன்னாள். "நகர்த்தினது நகர்த்தியாச்சு. இனிமே இது கொலுவில இருக்கப்படாது. அந்தத் தம்பூராவுக்குப் பக்கத்துல கொண்டு வையுங்கோ. நாளைக்குச் சரஸ்வதி பூஜை. பூஜையில வெச்சதை விஜயதசமி அன்னிக்கு எடுத்து அப்யாசம் பண்ணியே ஆகணும். சாஸ்திரம்!"

"யார் பண்ணணும்?"

"நகர்த்தினவர்தான்."

விஜயதசமி காலையில் புதுச் சிஷ்யைகள் வெற்றிலை பாக்கோடு வந்து ஆரம்பப் பாடம் படித்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் போனதும் கோமளம் கதவைத் தாழிட்டாள். கடைசிச் சிஷ்யர் ஸ்ரீனிவாசராகவன், வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பரத்வாஜின் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்து, டி.வி. முன்னால் உட்கார்ந்தார். காஸெட்டை அவளே ஊதிப் போட்டாள்.

இரண்டு வருஷமாக மூலையில் நின்ற பச்சை டாங்கி அசைந்தது. முன்னால் போயிற்று, பின்னால் வந்தது, சுவரில் முட்டியது. பிறகு நிதானமாகத் திரும்பி, எதிரி ஒருவன்கூட வருவதற்கு முன்னால், சொந்தக் கோட்டையைக் குறிபார்த்துச் சுட்டுத் தூள் தூளாக்கியது.

கோமளம் தொடையில் பளீரென்று ஓர் அடி போட்டாள். இந்தத் தடவை அவர் தொடையில்.

"மறுபடியும்" என்றாள்.