மீன்தொட்டிக்கு அலாரம் வைத்தவர்

ஆம்பூர் ஸ்டேஷன் பக்கம் சலூன் வைத்திருந்தார் அவர். குட்டை உருவம், காதில் செருகிய சீப்பு. கடையில் ஒரு மீன்தொட்டி, பக்கத்தில் ஒரு அலாரம் கடிகாரம். காலையில் அலாரம் அடிக்கும்போது கடிகாரத்தின் முதுகிலுள்ள சாவி சுழலும்; அதில் கட்டிய தோல் வார் சுற்றிக்கொண்டு சுவிட்சை இழுக்கும்; தொட்டி விளக்கு எரியும். அந்த வாரும் ஷூ கம்பெனிக் குப்பையில் பொறுக்கியது. என் வீட்டுத் தொட்டிக்கு நான் மெட்ராஸில் விலை கொடுத்து வாங்கிய டைமரோ, கரண்ட் போய் வந்தால் உச்சிவேளையில்தான் விளக்கைப் போடும்.

விளக்கு எரிந்ததும் கடையே திரும்பிப் பார்க்கும். அவர் மட்டும் பார்க்க மாட்டார். கத்தி அதுபாட்டுக்குக் கன்னத்தில் ஓடும். அந்த அலட்சியம்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அலாரம் அடித்தும் விளக்கு எரியவில்லை. ஈரத்தில் வார் நீண்டு தொய்ந்துவிட்டது. என் மனம் குளிர்ந்தது.

"இன்னாங்க, தோலு ஈரத்துல தொய்ஞ்சிடும்னு ஆம்பூர்க்காரருக்கே தெரியாதா?" என்றேன்.

"தெரியும் சார்," என்றார், கத்தியை நிறுத்தாமல். "மழை நாள்ல மீனுங்களும் கொஞ்சம் ஜாஸ்தி தூங்கட்டும்னுதான் வுட்டு வச்சிருக்கேன்."

அதுவரை எரிகிற விளக்கைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டிருந்தேன். அன்றைக்கு இருண்டு கிடந்த தொட்டியைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.