குழாயில் கட்டிய நூல்

வீட்டிலேயே பீர் காய்ச்சும் அந்த கிட் ஒரு பழைய வகுப்புத் தோழன் மூலம் வீட்டுக்கு வந்தது. வெளிநாட்டில் இருப்பவன். விடுமுறைக்கு வந்தபோது, "நீ லேப்ல இருக்கவன், உனக்குத்தேன் இது சரிப்படும்" என்று பெட்டியைக் கையில் திணித்துவிட்டுப் போனான். நான் தேனியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பெட்டிக்குள் இரண்டு டின் மால்ட் பாகு, இரண்டு பொட்டலம் ஈஸ்ட், அடியில் குழாய் வைத்த பத்து லிட்டர் பிளாஸ்டிக் டிரம், அடர்த்தி பார்க்க ஒரு ஹைட்ரோமீட்டர், செய்முறைத் தாள்.

வீட்டில் இதைக் காய்ச்ச நம் மாநிலத்தில் அனுமதி கிடையாது. அது தெரிந்தேதான் செய்தேன். அதனால் தொடக்கத்திலிருந்தே யாரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. சிலிண்டர் கொண்டுவந்தவர் மூக்கை உறிஞ்சினால்கூட நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். அவருக்கு ஜலதோஷமாகவும் இருந்திருக்கலாம்.

முதல் டின்னைத் தாளில் உள்ளபடியே செய்தேன். அது குளிர்நாட்டுக் கணக்கு. எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் வெப்பம் முப்பத்தொன்று. நான்கே நாளில் அழுகிய வாழைப்பழ நாற்றம். தென்னை மரத்தடியில் ஊற்றினேன். இரண்டாவது டின்னை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றினேன். வெள்ளைச் சர்க்கரையில் பாதியை நீக்கி நாட்டுச் சர்க்கரை. போர் தண்ணீருக்குப் பதில் காய்ச்சி ஆறவைத்த கேன் தண்ணீர். பன்னிரண்டு ஏலக்காயைத் தட்டிக் கொதிக்கவைத்த சாறு. டிரம்மை ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி, ஈரச்சாக்கைச் சுற்றி, காலையும் மாலையும் சாக்கை நனைத்தேன். வெப்பம் இருபத்தாறுக்கு இறங்கியது. டிரம்மின் பக்கவாட்டில் வெள்ளை டேப் ஒட்டி, திரவத்தின் மட்டத்தை மெல்லிய கோடாகக் குறித்தேன்.

என் மனைவிக்கு இதில் சம்மதமில்லை. "மேல அவன் இருக்கையில இதெல்லாம் எதுக்குங்க?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். "இது குடிக்கிறதுக்கு இல்ல, பரிசோதனை" என்றேன்.

'அவன்' என்றது அவளுடைய தம்பியை. போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச்செல்லும் ஜீப் ஓட்டுகிறான். குடியால் குடும்பம் பிரிந்தது. மனைவி மகளை அழைத்துக்கொண்டு கெங்குவார்பட்டியில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது; அந்த இரண்டு வருடமும் எங்கள் மாடியில்தான் இருக்கிறான். மகளின் பரீட்சை முடிந்ததும் திரும்பி வருவதாக அவன் மனைவி சொல்லியிருந்தாள். பரீட்சை முடிய பத்து நாள் இருந்தது.

ஐந்தாம் நாள் காலை, மட்டம் கோட்டுக்குக் கீழே இருந்தது. நுரை அடங்கியதால் இருக்கும் என்று எழுதினேன். எட்டாம் நாள் இன்னும் இறங்கியிருந்தது, ஏறக்குறைய ஒரு டம்ளர் அளவு. மூடியின் மேல் வளைகுழாய் ஒன்று உண்டு. உள்ளே உண்டாகும் வாயு அதிலுள்ள தண்ணீர் வழியாகக் குமிழியிட்டு வெளியே போகும். அந்தத் தண்ணீர் உள்பக்கமாக இழுக்கப்பட்டிருந்தது. கீழே குழாயைத் திறந்து பிடித்தால் மட்டுமே அப்படி ஆகும். அடர்த்தி சரியாகவே இருந்தது. எடுத்தவன் தண்ணீர் ஊற்றி ஈடுகட்டவில்லை. துணிந்தவன் என்று எழுதினேன்.

அன்று முதல் மைத்துனனைக் கவனித்தேன். எந்நேரமும் வாயில் ஏலக்காய் மென்றான். வழக்கமாக முன்பக்கப் படியில் ஏறுகிறவன், ஒரு வாரமாக வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்க இரும்பு ஏணி வழியாக மாடிக்குப் போனான். என்னிடம் பேசும்போது ஓரடி தள்ளி நின்றான். எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதினேன். குழாயின் திருகைச் சுற்றி ஒரு வெள்ளை நூலைக் கட்டினேன். இரண்டு முடிச்சு. பதினோராம் நாள் காலை பார்த்தேன்: நூல் இருந்தது, மூன்று முடிச்சோடு.

அன்றே கெங்குவார்பட்டிக்கு, மைத்துனன் மனைவிக்குப் போன் செய்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். "இப்பத்திக்கு வர வேண்டாம்மா. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாரு" என்றேன்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டாகளாண்ணே?"

"நிச்சயமாத் தெரியல. சந்தேகம்தேன்."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. காலையில் நானும் மைத்துனனும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ஆப்பம், தேங்காய்ப்பால். அவன் முகம் வாடியிருந்தது.

"அவ வரலையாம் மச்சான். காரணமும் சொல்ல மாட்டேங்கிறா."

நான் நாட்குறிப்பை எடுத்து முன்னால் வைத்தேன். "டிரம்ல மூணு டம்ளர் குறையுது. நீ பின்னால ஏறிப் போற. வாயில ஏலக்காய். நான் என்னன்னு நெனைக்க?"

அவன் நோட்டைத் தொடவில்லை. எழுந்து வந்து, என் முகத்துக்கு எதிரே குனிந்து வாயைத் திறந்தான். "மோந்து பாருங்க. ஊதுறேன். ஊதச் சொல்லி எத்தனை போலீஸ்காரக கேட்டிருக்காக, வீட்டுல நீங்கதேன் மிச்சம்."

"அப்ப ஏன் பின்னால சுத்திப் போற?"

"அந்த ரூம் வாசல்ல போனா வாசம் இழுக்குது மச்சான். கால் நின்னுருது. அதேன் சுத்திப் போறேன். அதுக்குத்தேன் ஏலக்காயும். எடுங்கன்னு உங்ககிட்டச் சொல்ல வாய் வரல. உங்க வீட்டுல இருந்துக்கிட்டு நான் எப்படிச் சொல்ல?"

மனைவி கரண்டியோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "எந்த டம்ளரு?" என்றாள். மட்டம் குறைந்ததையும் நூலையும் சொன்னேன்.

"அட, அது நாந்தேன் எடுத்தேன்."

அவளுடைய ஊர் சுருளிப்பட்டி. அந்தக் காலத்தில் அவள் வீட்டில் குமுளிப் பக்கத்திலிருந்து கள் வாங்கிவந்து ஆப்பமாவில் ஊற்றுவார்கள். இப்போது அதற்கு வழியில்லை. கடை ஈஸ்ட் போட்டால் வாடை வருகிறது என்பாள். டிரம்மின் அடியில் ஈஸ்ட் படிந்து கலங்கலாக வரும் தண்ணீரைப் பார்த்ததும் அவளுக்குக் கள்ளின் நினைவு வந்திருக்கிறது. மாவு அரைக்கும் நாளிலெல்லாம் ஒரு டம்ளர் பிடித்திருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருவீக. அதுக்குள்ள மாவு வீணாப் போயிரும்."

"அந்த நூல்?"

"அறுந்துருச்சு, திரும்பக் கட்டி விட்டேன். ஏதோ வேண்டுதலாக்கும்னு நெனச்சேன்."

மைத்துனன் தன் தட்டைப் பார்த்தான். "அப்ப ரெண்டு வாரமா எனக்கு ஊட்டுனது நீதானாக்கா?" என்றான். சிரிப்பதுபோல் தொடங்கி முடிக்க முடியாமல் நிறுத்தினான்.

"ஏலே, சட்டியில வெந்ததுல என்னடா இருக்கு" என்றாள் அவள். ஆனால் அவள் முகமும் மாறிவிட்டது.

அப்போதுதான் போனில் பேசியதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. மைத்துனன் கையைக் கழுவிக்கொண்டு பின்பக்கமாக மாடிக்குப் போனான். நான் டிரம்மைத் தூக்கிக்கொண்டுபோய்த் தென்னை மரத்தடியில் கவிழ்த்தேன். அறையைப் பினாயில் போட்டு இரண்டுமுறை கழுவினேன். பிறகு போன் செய்தேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன்.

மைத்துனன் மனைவி முழுதும் கேட்டாள். "அன்னைக்குச் சொன்னது நெசமா, இன்னைக்குச் சொல்றது நெசமா? அவுக உங்களைச் சொல்லச் சொன்னாகளா?"

"இல்லம்மா."

"நான் வந்து பாத்துக்கிறேன்."

புதன்கிழமை பத்தே முக்கால் பஸ்ஸில் வந்தாள், மகளை அழைத்துவராமல், ஒரே ஒரு பையோடு. மைத்துனன் மாடியில் இருந்தான். தோட்டத்து வேலை இல்லாத நாள். அவள் முதலில் மாடிக்குப் போகவில்லை. என் மனைவி கொடுத்த காபியையும் தொடவில்லை. "அந்த நோட்டைக் குடுங்கண்ணே" என்றாள்.

கொடுத்தேன். பதின்மூன்று நாள் பக்கங்களையும் நின்றபடியே, விரலை வரியின் மேல் ஓட்டிப் படித்தாள். எட்டாம் நாள் பக்கத்தில் விரல் நின்றது.

"காலையில, 'மட்டம் ஒரு டம்ளர் குறைவு, எடுத்தவன் துணிந்தவன்'னு எழுதியிருக்கீக. அதுக்குக் கீழயே, 'ஆப்பம் இதுவரை இல்லாத அளவுக்கு மெத்தென்று இருந்தது'ன்னும் எழுதியிருக்கீக. அஞ்சாம் நாளும் இப்படித்தேன் இருக்கு. பதினோராம் நாளும். ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கத் தோணலையாண்ணே உங்களுக்கு?"

தோன்றவில்லை. அளவுகள் எல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தன. ஆனால் எட்டாம் நாளிலிருந்து நான் அந்தப் பக்கங்களில் தேடியது ஒரே ஆளைத்தான். அவளிடம், "இல்லம்மா" என்றேன். மன்னிப்பும் கேட்டேன்.

"அதை அவுககிட்டக் கேளுங்க" என்றாள்.

நோட்டை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையை எட்டிப் பார்த்தாள். வெறுந்தரையும் காய்ந்த சாக்கும் மட்டும் இருந்தன. பிறகு பையை வாசலிலேயே விட்டுவிட்டு மேலே ஏறினாள். நானும் என் மனைவியும் கீழே உட்கார்ந்திருந்தோம். மேலே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. கேட்க முயலவும் இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்துப் படியில் காலடிச் சத்தம். மைத்துனன் முன்பக்கமாக இறங்கி, அந்த அறையின் வாசலைக் கடந்து வந்தான். நான் எழுந்து நின்றேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன். "இருக்கட்டும் மச்சான்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். மனைவியின் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேலே போனான்.